அணிலுக்குத் திருஷ்டிப் பொட்டு

இன்று காலை ஆஸ்டின் டவுனில் எங்கள் வாசலில் கண்கூடத் திறக்காத அணில் குட்டி ஒன்று கிடந்தது. தாயைக் காணவில்லை. ஷூ பெட்டியில் வைத்து வனவிலங்கு மீட்பு மையத்துக்கு எடுத்துப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா அதன் நெற்றியைப் பார்த்தார்.

"இது என்ன, காயமா?"

"இல்ல மேடம், திருஷ்டிப் பொட்டு. என் வொய்ஃப் வெச்சா."

மையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கன்னடம் கலந்து சொன்னார்: "பேரெல்லாம் பேடா, வேணாம் சார், கொஞ்சாதீங்க. மனுஷங்களப் பாத்தா இது பயந்து ஓடணும். அப்பதான் வெளிய விட்டா பொழைக்கும்."

"பேரு காலையிலயே வெச்சாச்சு மேடம்."

அவர் என்னையும் பெட்டியில் போட்டு மூடிவிடுவதுபோலப் பார்த்தார்.

மனிதர்களிடம் பயம் வரவேண்டும், அவ்வளவுதானே. எங்கள் ஹவுஸ் ஓனர் பகலெல்லாம் சும்மாதான் இருக்கிறார். அவரை அனுப்பட்டுமா, இல்லை, இதைப் படிக்கும் உங்களுடைய ஹவுஸ் ஓனர் இன்னும் பொருத்தமா?