செப்பு முனையும் சம்பந்தி பார்க்க வந்த அலுமாரியும்

இரண்டு தகடுகளைச் செப்பு முனைகள் இரண்டுக்கு நடுவே நெருக்கி, மின்சாரம் விட்டு ஒட்டவைக்கும் ஸ்பொட் வெல்டிங் தொழிலில், தகடு சூடாக முன்னமே வாடிக்கையாளர் சூடாகிவிடுவார். இரும்போடும் மனிதரோடும் மாரடிக்கிற பட்டறைக்காரர் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜேர்மனியிலிருந்து திரும்பி, சாவகச்சேரியில் அலுமாரிப் பட்டறை போட்ட எனக்கு, கொடிகாமத்து மரக்கறி வியாபாரி நல்லையா அண்ணை ஒருவரே போதுமாயிருந்தார். மகளின் கலியாணத்துக்கு அலுமாரி. சம்பந்தி வீட்டார் வரும்போது அது வீட்டில் நிற்கவேண்டும். பிந்தினால் கடையில் வாங்கிவிடுவாராம், என் பெயரையும் சந்தை முழுக்கச் சொல்லுவாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பென்சில் கூர்

என்னோடு வேலை செய்யும் தேவனுக்கு ஒரு கொள்கை உண்டு: கூராயிருந்தால்தான் பிடிக்கும். முனைகளை அரத்தால் பென்சில் மாதிரிச் சீவிவிட்டான். அவ்வளவு மின்சாரமும் ஒரு துளி இடத்தில் இறங்க, தகடு ஒட்டாமல் ஓட்டையானது. நல்லையா அண்ணை கதவைத் தூக்கி, ஓட்டைக்குள்ளால் ஏ9 வீதியில் போன பஸ்ஸைப் பார்த்தார்.

"தம்பி, நான் அலுமாரி கேட்டனான். இடியப்ப உரல் கேட்கேல்லை."

வடுவே தெரியக்கூடாது

நல்லையா அண்ணையின் அடுத்த கட்டளை, கதவில் ஒட்டின இடத்துப் புள்ளி ஒன்றுகூடத் தெரியக்கூடாது என்பது. நான் தகடு வாங்க யாழ்ப்பாணம் போன நேரத்தில், தேவன் ரோசத்தோடு முனைகளை அகலத் தட்டையாக்கி வைத்திருந்தான். திரும்பி வந்தால், நல்லையா அண்ணை கதவைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவிக்கொண்டு நிற்கிறார். வழவழப்புத்தான். முனை அகன்றால் மின்சாரம் பரவிவிடும், தகட்டுக்குச் சூடு காணாது. விளிம்பில் ஸ்குறூட்ரைவரை விட்டு நெம்பினேன். பொரித்த பப்படம் போலப் பிரிந்துவந்தது. தேவன் நல்லையா அண்ணையின் பக்கம் திரும்பினான்.

"அப்ப கலியாணம் முடியுமட்டும் ஒருதரையும் திறக்க விடாதேங்கோ அண்ணை."

பூசை போட்ட முனை

பிறகு அரத்தை நானே எடுத்தேன். மொட்டைக் கூம்பு, நுனி மட்டும் சின்னத் தட்டை, மேல்முனையும் கீழ்முனையும் நேருக்கு நேர். சுத்தியலால் அடித்தும் தகடு பிரியவில்லை. மிச்சக் கதவை நாளைக்கு முடிக்கலாமென்று நிம்மதியாகப் போனேன். அன்று பின்னேரம் ஆயுத பூசை. தேவன் முனைகளுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, நடுவில் தேசிக்காயை வைத்து, முனைகளை நெருக்கும் பெடலை மிதித்து நசுக்கியிருக்கிறான்.

காலையில் வெல்டிங் இயந்திரம் பொறி கக்கியது, ஒட்டவில்லை. முனையில் சந்தனம் காய்ந்து ஓடாகக் கிடந்தது. பூசை போட்டதை உடனே துடைக்கக்கூடாதென்று தேவன் கையைக் கட்டிக்கொண்டான். சம்பந்தி வீட்டார் பின்னேரம் வருகிறார்கள். நான் முனையைத் தேய்க்க எமறித் தாளை எடுத்தேன். அலுமாரி ஏற்ற வந்திருந்த நல்லையா அண்ணையைத் தேவன் துணைக்குப் பார்த்தான்.

"தம்பி தேய்க்கட்டும். பாவம் அவருக்கு, அலுமாரி எனக்கு."

சம்பந்தியின் விரல்

நல்லையா அண்ணை வீட்டில் அலுமாரியை இறக்கிவிட்டு நிமிர முன்னமே மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டா. வலது கதவில் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. இடது கதவில் நிலைக்கண்ணாடி அவற்றை மூடியிருந்தது. அவவின் விரல் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போனது. "உது என்ன?" என்றா. வீட்டுக்காரர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வடுவே கூடாதென்று என்னோடு சண்டை பிடித்த நல்லையா அண்ணை முந்திக்கொண்டார். "ஜேர்மன் முறை, அம்மா. அங்கை உப்பிடித்தான் போடுறவை." அவ ஓரடி பின்னால் போய் இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தா. முகம் கடுத்தது.

"அப்ப மற்றக் கதவிலை அந்த ஜேர்மன் புள்ளியளை ஏன் கண்ணாடியாலை மறைச்சு வைச்சிருக்கிறியள்?"

இரண்டு தகட்டை ஒட்டவைக்க ஒரு அரம் போதும், அது ஒட்டியிருக்கிறதென்று எங்கடை சனத்தை நம்பவைக்கத்தான் ஜேர்மனி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.