பைய விடு

என் தம்பி வினோஜைப் பற்றிக் குளச்சலில் இரண்டு பேச்சு உலவுகிறது. சினிமாக்காரன் ஆனதும் தலைகால் புரியாமல் போய், சொந்த ஊர்ப் பையனையே கயிற்றில் தொங்கவிட்டு இடுப்பை ஒடித்துவிட்டான் என்பது ஒன்று. சினிமாச் சண்டைக்காரர் சங்கத்தில் யார் யாரையோ பிடித்துத் தப்பித்துக்கொண்டான் என்பது மற்றொன்று. இரண்டையும் என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. மீன் ஏலத்தில் சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள், பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலிலும் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கும் முழு விவரம் தெரியாது. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். விசாரணை நடந்த அறையில் இருந்தவள்.

வினோஜ் 1991 ஆகஸ்டில் பிறந்தான். எங்கள் அப்பா மரியான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவனையும் கூட்டிப்போனார். நான்கு நாளும் வாந்தி. ஐந்தாம் நாள் கரையில் நின்றவர்கள், "மரியானுக்க மோன் மீனுக்குச் சோறு போடப் போறான்" என்று சிரித்தார்கள். அதோடு கடலை விட்டுவிட்டான்.

அதன்பிறகு அருமனையில் ஒரு ஆசானிடம் அடிமுறை படிக்கச் சேர்ந்தான். வெறுங்கையால் அடிப்பதும் தடுப்பதுமான எங்கள் மாவட்டத்துச் சண்டைக்கலை அது. சனி, ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறிப் போவான். ஏழு வருடம் போனான். "கடலக் கண்டு பயந்தவன் ஆர அடிக்கப் போறான்?" என்று அதற்கும் சிரிப்பு. 2015-இல் பூதப்பாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. மாலையில் குளச்சலில் சொந்தமாக வகுப்பு நடத்தினான். நாற்பத்திரண்டு பேர் படித்தார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு.

அவனுடைய பெரிய திறமை அடிப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருந்தது. முழு வேகத்தில் வருகிற கை, எதிராளியின் மூக்குக்கு ஒரு நகக்கனம் முன்னால் நின்றுவிடும். காற்று மட்டும் முகத்தில் படும்.

2017 ஜனவரியில் முட்டம் பாறையில் ஒரு சண்டைக் காட்சியின் படப்பிடிப்பு. வேடிக்கை பார்க்கப் போன வினோஜ் பக்கத்தில் நின்றவரிடம், "இவன் அடிக்கல்ல கேட்டியா, ஈ வெரட்டுகான்" என்றான். அது சென்னையிலிருந்து வந்திருந்த சண்டை மாஸ்டரின் காதில் விழுந்துவிட்டது. அந்த மாஸ்டரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்கு மனசில்லை.

"யார்றா அது? வாடா இங்க. என்னை அடி, பாக்கலாம்."

"வேண்டாம் சார்."

"ஏன், கை நடுங்குதா?"

வினோஜ் அடித்தான். கை மூக்குக்கு முன்னால் நின்றது. மாஸ்டர் மட்டும் நிற்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். யூனிட் முழுக்கச் சிரித்தது. "இவரைச் சேத்துக்குங்க மாஸ்டர்" என்று டைரக்டர் சொன்னதால் மறுநாளே உதவியாளர் வேலை கிடைத்தது. பகையும் அன்றைக்கே தொடங்கியது.

சென்னையில் ஆறு வருடம் அந்த மாஸ்டரிடம் இருந்தான். பதினொரு படம். சண்டையை அமைத்தது என் தம்பி, பேட்டி கொடுத்தது அவர். பதினொன்றையும் நான் தியேட்டரில் கடைசிப் பெயர் ஓடும்வரை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு படத்தில் 'வினோத்' என்று போட்டிருந்தார்கள். மற்றவற்றில் பெயரே இல்லை.

அவன் பேச்சு அங்கே எல்லோருக்கும் விளையாட்டுப் பொருள். "டேய் மலையாளம், தமிழ்ல சொல்லுடா" என்பார் மாஸ்டர். ஒருநாள் வினோஜ் பதில் சொல்லிவிட்டான்: "நீங்க வாயப்பயம்னு சொல்லுகதா சார் தமிழு? அத மொதல்ல வாழப்பழம்னு சொல்லுங்க, பொறவு பேசுவோம்." அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஊர்ப் பேச்சையே பேசினான். அது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2022-இல் தன்னிடம் படித்த ஜெபிஷைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. வேளாங்கண்ணி மாமியின் ஒரே மகன். அடுத்த வருடம் ஒரு டைரக்டர் தன் படத்துக்கு வினோஜே சண்டை மாஸ்டராக வேண்டும் என்று கேட்டார். அதற்குச் சங்கத்தில் மாஸ்டர் கார்டு வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருந்தான். கார்டு கிடைத்தால் திரையில் அவன் பெயர் தனியாக வரும். கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க இன்னொருவனுக்கு உதவியாளன்தான்.

விபத்து 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு நடந்தது. சண்டைக் காட்சியை வினோஜிடம் விட்டுவிட்டு மாஸ்டர் வேறொரு படப்பிடிப்புக்குப் போயிருந்தார். ஜெபிஷ் இடுப்பில் கயிறு கட்டிப் பன்னிரண்டடி உயரத்தில் தொங்கினான். கயிறு மேலே ஒரு உருளை வழியாக வந்து மறுபக்கம் இறங்கியது. அந்த நுனியில் அவன் எடைக்கு ஈடாக ஒரு மணல் பை மாட்டியிருந்தது. ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார், இன்னொருவர் பையைப் பிடித்திருந்தார். ஷாட் முடிந்தது. ஜெபிஷை இறக்க வேண்டும். வினோஜ் கத்தினான்: "பைய விடு!"

மெதுவாக விடு என்று அர்த்தம். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பையைப் பிடித்திருந்தவர் சென்னைக்காரர். அவர் பையைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டார். ஒற்றை ஆள் கையில் கயிறு நிற்கவில்லை. ஜெபிஷ் கல்தரையில் விழுந்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

மாஸ்டர் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்த புகாரின் நகலை வினோஜ் எனக்கு அனுப்பினான். 'வேகமாக விழவேண்டும் என்பதற்காகப் பையை விடும்படி வினோஜ் கட்டளையிட்டார்' என்று இருந்தது. 'பைய' என்பதில் ஒரு ஐகாரத்தைச் சேர்த்து, என் தம்பியைக் கொலைக்குத் துணிந்தவன் ஆக்கிவிட்டார்.

ஊரில் வேளாங்கண்ணி மாமி எங்கள் வாசலில் நின்று கத்தினாள். "ஏட்டி ரீத்தா, ஒனக்க தம்பிக்குப் பேரு வரணும்னு எனக்க மோனக் கொண்டுபோய்ப் போட்டானே! அவனுக்க கார்டு கிழியது வர நான் ஒறங்க மாட்டேன், பாத்துக்க!" நான் பதிலுக்குக் கத்தினேன். அப்பா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

மே மாதம் சென்னையில், சங்க அலுவலகத்தில் விசாரணை. ஜெபிஷ் எழுந்திருக்க முடியாததால் அவன் அம்மாவை அழைத்திருந்தார்கள். ஒரே ரயிலில்தான் போனோம். அவள் இரண்டு பெட்டி தள்ளி ஏறினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும். பையைப் பிடித்திருந்தவர், "அவர் பையை விடச் சொன்னாரு, விட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது அதுதான்.

"மெதுவா விடுன்னுதான் சார் நான் சொன்னேன்" என்றான் வினோஜ்.

மாஸ்டர் சிரித்தார். "ரெண்டு மாசம் யோசிச்சுக் கண்டுபிடிச்ச அர்த்தம்."

"இந்த அர்த்தத்துக்கு யார் சாட்சி?" என்று தலைவர் கேட்டார். நான் எழுந்தேன். "நீங்க அக்கா. உக்காருங்க" என்றார்.

அந்த அறையில் எங்கள் ஊர்க்காரர் வேறு ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் வேளாங்கண்ணி மாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தெரியாது என்று சொன்னால் போதும், கார்டு போய்விடும். மாஸ்டர் குரலைக் குழைத்து, "பயப்படாம சொல்லுங்கம்மா. உங்க பையனை விழவெச்சவன் இவன்" என்றார்.

மாமி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏன் சார், பைய நடன்னா பையத் தூக்கிட்டு நடக்கதா? பைய விடுன்னா மெதுவா விடு. அவ்வளவுதான். வேற அர்த்தம் கெடையாது." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "எனக்க மோன் தொங்குகப்பம் நீரு எங்க ஓய் இருந்தீரு? புகாரு எழுதத் தெரியுது, வந்து நிக்கத் தெரியல்லியா?"

என் உடம்பில் உயிர் வந்தது. அடுத்து அவள் வினோஜைப் பிடித்தாள்.

"நீ தலைய நிமிர்த்தாண்டாம். ஆறு வருசம் இந்த ஊருல கெடந்தியே, ஒனக்க பேச்சு இவனுவளுக்கு மனசிலாவாதுன்னு ஒனக்குத் தெரியாதாலே? மேல ஒரு உயிரு தொங்குகப்பம் ஒனக்கு எதுக்குலே ஊர்ப் பெரும?"

"தெரியும் மாமி" என்றான் வினோஜ். பிறகு தலைவரைப் பார்த்து, "அவங்களுக்குப் புரியுற மாதிரி நான் சொல்லியிருக்கணும் சார். அது என் தப்பு" என்றான்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். யாரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, "வாய வச்சிட்டுச் சும்மா இருந்தா என்னலே?" என்று அவனைத் திட்டினேன். "மாமி சொன்னது சரிதானே அக்கா" என்றான்.

வேகத்துக்காகக் கட்டளையிட்டான் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். கவனக்குறைவுக்கு ஒரு வருடம் சினிமாவில் வேலை செய்யக்கூடாது, அதன்பின் கார்டு என்று முடிவானது. அந்த ஒரு வருடமும் வினோஜ் பூதப்பாண்டியில் பழைய வேலையைச் செய்தான். தப்பித்தான் என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். அந்த டைரக்டர் காத்திருந்தார். படம் இந்த வருடம் வந்தது. 'சண்டைப் பயிற்சி: வினோஜ்' என்று தனியாக, எழுத்துப்பிழை இல்லாமல் போட்டார்கள். நான் மூன்று தடவை பார்த்தேன்.

சாட்சி சொன்னதற்கு நன்றி சொல்ல வினோஜ் ஒருமுறை மாமி வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்திலேயே மறித்தாள்.

"நான் ஒனக்காகச் சொல்லல்ல. உள்ளதச் சொன்னேன். எனக்க மோன் கம்பு ஊணாம நடக்கட்டு, பொறவு நீ இந்த முற்றத்துல கால் வையி."

ஜெபிஷ் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். வினோஜ் ஊருக்கு வந்தால், அந்த வீட்டைத் தாண்டாமல் கடற்கரை வழியாகச் சுற்றித்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறான்.