பூட்டிய கேட்டுக்குள் ஓடிய நாடகம்

சின்ன வயதில் நான் பார்த்த அந்தச் சிற்றூர்க் குடும்ப நாடகத்தை இன்று காலை அம்மாவுக்காக இணையத்தில் தேடிப் பிடித்துப் போட்டேன். திறந்தே கிடக்கும் அந்த வீட்டு வாசல் திரையில் வந்தது.

எண்பதுகளில் பூன் லே அடுக்குமாடிக் குடியிருப்பில், பத்தாவது மாடியில் இருந்தோம். ஜூரோங் ஃபேக்டரிக்கு மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பும் அம்மா, நாடகம் பதிந்த டேப்பைப் போட்டுவிட்டு, என்னை உள்ளே விட்டு இரும்பு கேட்டைப் பூட்டுவார். நாடகத்தில் பக்கத்து வீட்டார் கேட்காமலே உள்ளே வந்து காப்பி குடிப்பார்கள். நான் கேட் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பேன். உதட்டில் துரு கரிக்கும். லிஃப்ட் திறக்கும், இறங்குவது வேறு யாராவதாக இருக்கும். டேப் முடிந்தால் திருப்பி ஓட்டி, முதலிலிருந்து பார்ப்பேன்.

“தீப்பிடிச்சா நான் எப்படிம்மா வெளிய வர்றது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதெல்லாம் பிடிக்காது லா. நீ நாடகம் பாரு, வந்துடுவேன்.”

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. கீழே இறங்கினால் வீட்டுக்குத் திரும்ப வழி தெரிவதில்லை. போன வாரம் போலீஸ்தான் கூட்டி வந்தது.

வேலைக்குக் கிளம்பி, கேட்டைப் பூட்டினேன். கம்பி வழியாக அம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

“தீப்பிடிச்சா?”

“நீங்க நாடகம் பாருங்கம்மா, வந்துடுவேன்,” என்று விரலை உருவிக்கொண்டேன்.