காற்று இறங்கினாலும் ஓடும் வண்டி

என் கணவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் வந்தது. அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளர். ஆபீஸ் பஸ், பிறகு ஸ்கூட்டர், பிறகு மகளைப் பள்ளியில் விட ஒரு சின்னக் கார் என்று டில்லியைச் சுற்றியவர். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஜெர்மன் காரை ஒருமுறையாவது வைத்திருந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாலையில் அப்படி ஒன்று எங்களைக் கடந்து போனால் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு அது போகும் திசையையே பார்ப்பார். கடைசியில் ஒரு நாள், வேறொருவர் ஓட்டி விற்ற கருநீலக் கார் ஒன்று ஜனக்புரியில் எங்கள் பிளாட்டின் கீழே வந்து நின்றது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. அதை வைப்பதற்கான குழிகூட இல்லை.

“ஸ்டெப்னி எங்க?” என்று கேட்டேன்.

“இதுக்கு வேண்டாம்,” என்றார். குரலில் பெருமை தெரிந்தது. “இது ரன்-ஃபிளாட் டயரு. காத்து சுத்தமா இறங்கினாலும் அமுங்காது. பக்கச்சுவரு அவ்வளவு கெட்டி. மெதுவா ஓட்டிட்டு வீடு வந்து சேந்துரலாம்.”

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னார். அவர்கள் கீழே இறங்கிப் போய், குனிந்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து காபி குடித்தார்கள்.

கெட்டியான பக்கச்சுவர் என்றால் என்ன என்பது சாலையில்தான் தெரிந்தது. உள்ளே சத்தமே இல்லை, இருக்கைகள் மெத்தை மாதிரி. ஆனால் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும், காலனிக்காரர்கள் அவரவர் வீட்டெதிரே போட்டுக்கொண்ட ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் டக் டக்கென்று நேராக முதுகுக்கு வந்தன. நொய்டாவில் ஒரு சேனலில் வேலை செய்யும் எங்கள் மகள் பின் இருக்கையிலிருந்து, “அப்பா, சோஃபாவைத் தூக்கி பைல்காடில வெச்ச மாதிரி இருக்கு,” என்றாள். மாட்டு வண்டிக்கு அவளுக்குத் தமிழ் வார்த்தை வராது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் என் இடுப்பிலிருந்து வலது கால் வரை ஒரு வலி இறங்கியது. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மாத்திரை, ஊசி எதற்கும் கேட்கவில்லை. தெற்கு டில்லியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், நடக்கலாம், படுக்கலாம், நேராக நெடுநேரம் உட்காரக் கூடாது, குலுங்கவே கூடாது என்றார். பிசியோதெரபிக்கு மட்டும் வாரந்தோறும் அங்கேயே வரவேண்டும்.

மெட்ரோவில் உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. எங்கள் காரின் முன் இருக்கைதான் கட்டில் போலப் பின்னால் சாயும். அதனால் அதிலேயே போனோம். தலையணையை இடுப்புக்குக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, கார் கூரையைப் பார்த்தபடி நான் கடந்த டில்லியை யாரும் கடந்திருக்க மாட்டார்கள். எனக்குச் சாலை தெரியாது. எங்கே எப்போது அடி விழும் என்று தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் தையல் போட்ட இடத்தில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போலிருந்தது.

கதவின் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“வலிக்கா?” என்றார்.

திருச்சியில் நாங்கள் ‘வலிக்குதா’ என்போம். அவர் திருநெல்வேலிக்காரர். இத்தனை வருடம் டில்லியில் இருந்தும் அந்த ‘வலிக்கா’ மாறவில்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த முறையிலிருந்து அவர் சாலையை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

“இப்ப ஒண்ணு வருது. சின்னதுதான்.” “மேம்பாலம் ஏறுதோம், மூச்சை இழுத்துக்கோ.” “இனி கண்டோன்மென்ட், கவலையில்ல, கண்ணை மூடிக்கோ.” ராணுவத்தார் பகுதியில் சாலை வழவழவென்று இருக்கும். அங்கே வந்ததும் இருவருக்குமே தோள் தளரும்.

பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பால் வாங்கப் போகிறேன் என்று பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர், அந்த வழி முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த வரிசையில் போனால் பள்ளம் குறைவு, எங்கே புதிதாகத் தோண்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டியதால், பின்னால் வந்தவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு நாள் பைக்கில் வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, “அங்கிள், காடி நயீ ஹை க்யா?” என்று கேலியாகக் கேட்டார். வண்டி புதுசா என்று. இவர் மிகவும் அமைதியாக, “ஹாங் பேட்டா,” ஆமாம் தம்பி என்று கையைக் காட்டி அவரை முன்னால் போகச் சொன்னார்.

சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். சாதாரண டயர் போட முடியுமா என்று. அங்கிருந்த இளைஞர் மரியாதையாக முடியாது என்றாராம். இந்த வண்டியின் சஸ்பென்ஷனே இந்த டயருக்காகச் செய்தது, ஸ்டெப்னி வைக்க இடமும் இல்லை, வழியில் பஞ்சரானால் சார் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டாராம். சரி, காற்றையாவது கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம் என்று குறைத்தார். உடனே ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்து மணி அடிக்க ஆரம்பித்தது. அணைத்தால் மறுபடி வந்தது. வீட்டிலிருந்து மருத்துவமனை வரை அந்த விளக்கும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அவர்தான் தோற்றார், காற்றை மறுபடி நிரப்பினார்.

அது பிப்ரவரி. பனி விலகி வெயில் இதமாக இருந்த ஒரு மதியம். பயிற்சி முடிந்து திரும்பும்போது கண்டோன்மென்ட் வழியை ஏதோ அணிவகுப்புக்காக மூடியிருந்தார்கள். நாராயணா பக்கமாக வந்தோம். மேம்பாலம் இறங்கிய இடத்தில் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பள்ளம். சொல்ல நேரமில்லை. நான் கத்திவிட்டேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

“ஒண்ணுமில்ல, ஓடும்,” என்றார். ஓடியது. அவர் சொன்னது போலவே காற்றில்லாத டயரில் கார் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அடியிலிருந்து ஒரு உதை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? வீட்டுக்குப் போயிடலாமே,” என்றேன்.

“வண்டி போகும்,” என்றார். “நீ போக முடியாது.”

நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் நடுவயதுக்காரர். வந்து குனிந்து பார்த்தார். டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. இங்கே ஒட்டு நிற்காது, இந்த டயரைக் கழற்றும் மெஷினும் என்னிடம் இல்லை என்று கையை விரித்தார். பிறகு உள்ளே படுத்திருந்த என்னைப் பார்த்தார். “பாபிஜிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தான் மதியம் சாய்கிற கயிற்றுக் கட்டிலை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, மேலே கிடந்த ஸ்பேனரை எடுத்துவிட்டு ஒரு துண்டை விரித்தார்.

அந்தக் கட்டில் என் முதுகை வாங்கிக்கொண்டதை எப்படிச் சொல்வது. கயிறு கொஞ்சம் தொய்ந்து எனக்கு இடம் கொடுத்தது. பஸ்கள் ஒரு கை தூரத்தில் போயின. இலைகளுக்கு நடுவே நீல வானம் தெரிந்தது. பல மாதங்களாக நான் வீட்டுக் கூரையையும் கார் கூரையையும் மட்டுமே பார்த்திருந்தேன்.

வண்டியை ஏற்றிப் போகும் லாரிக்கு அவர் போன் செய்தார். வருகிறோம், வருகிறோம் என்றார்கள். மகளுக்கும் சொன்னார். ஸ்பீக்கரில் அவள் குரல் பதறியது. “அம்மா, நீ டீக் தானே? நான் கேப் அனுப்பறேன். டென்ஷன் மத் லோ.” நல்லா இருக்கிறாய்தானே, கவலைப்படாதே என்று. பிறகு அவர் தள்ளுவண்டியில் வந்த கொய்யாப்பழத்தை மசாலா தூவி நறுக்கி வாங்கி வந்து, கடைக்காரருக்கும் கொடுத்துவிட்டு, கட்டிலின் காலடியில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். நல்ல பேன்ட், அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

“வித்துருவோம்,” என்றார்.

“எதை?”

“வண்டியைத்தான். உனக்கு ஆகாத வண்டி எனக்கு எதுக்கு.”

நான் ஒரு துண்டு கொய்யாவை மென்றுகொண்டே அவரைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடந்து போகும் காரைப் பார்க்கிற அந்தப் பழைய பார்வை இல்லை அது.

“உனக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு,” என்று ஆரம்பித்தார். “உன்னை உள்ள கொண்டுட்டுப் போனதும் புள்ளைய வெளிய உக்கார வச்சிட்டு நான் பார்க்கிங்குக்குப் போனேன். கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“அதுக்குள்ள இருந்தா வெளிய சத்தம் கேக்காதுல்லா.”

வெளியிலிருந்து உள்ளே கேட்காது என்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் சொன்னது மறு திசை என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. இந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. மாமனார் இறந்தபோதுகூட அவர் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன். கொய்யா மசாலா ஒட்டிய விரல்களோடு அவர் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில், பஞ்சர் கடையில், எங்கள் வயதில். கடைக்காரர் ஒரு ஸ்கூட்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். அவர் எங்களைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல் இருந்தார்.

“விக்க வேண்டாங்க,” என்றேன். “டயரை மட்டும் மாத்துங்க.”

“சர்வீஸ் சென்டர்காரன் மாத்தக் கூடாதுங்கான்.”

“அவனா இதுல படுத்துட்டு வரப் போறான்?”

அவர் சிரித்துவிட்டார்.

லாரிக்கு முன்னால் மகள் அனுப்பிய டாக்சி வந்தது. கதவை இரண்டு முறை அடித்துச் சாத்த வேண்டிய பழைய வண்டி. கார் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து, லாரி வந்தால் ஏற்றிவிடும்படி கேட்டுக்கொண்டு என்னோடு ஏறிவிட்டார். பானெட்டில் யாராவது கை வைத்தால் துணி எடுத்துக்கொண்டு வருகிறவர். அந்த டாக்சி மாயாபுரியின் உடைந்த சாலையில் தொட்டில் மாதிரி அசைந்து போனது. பின் இருக்கையில் அவர் தோளில் சாய்ந்து நான் பாதி படுத்திருந்தேன். சிறிது தூரம் போனதும் அவர் டிரைவரிடம், “பையா, டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று ஹிந்தியில் கேட்டார். இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றார் டிரைவர்.

அந்த அளவில் புது ரன்-ஃபிளாட் டில்லியில் இல்லை, வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அவர் காத்திருக்கவில்லை. வேறொரு கடையில் நான்குக்கும் சாதாரண டயர் போட்டுவிட்டு வந்தார். டிக்கியில் ஒரு ஸ்டெப்னி ஏறியது, பக்கத்தில் காற்றடிக்கும் பம்பும். அதன்பிறகு எங்கே கிளம்பினாலும் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். புதுக் கவலைதான், ஆனால் அது என் முதுகை ஒன்றும் செய்யவில்லை.

பங்குனியில், நடை கொஞ்சம் திரும்பிய பிறகு, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போனோம். படியேற எனக்கு அனுமதி இல்லை. கீழே நின்று கும்பிட்டேன். அவர் மட்டும் ஏறிப் போய்ப் பிரசாதம் வாங்கி வந்தார். திரும்பும்போது சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்தது. தௌலா குவா தாண்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரே மூச்சாகத் தூங்குவது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அன்று காரில் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வண்டி போய்க்கொண்டிருந்தது. வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கடைப்பலகைகள் எதுவும் எனக்குத் தெரிந்தவையாக இல்லை.

“எங்க இருக்கோம்?” என்றேன்.

“மதுபன் சௌக் வருது.”

“அது எங்கேயோ வடக்குல இல்ல இருக்கு? ஜனக்புரி?”

“அது போயிட்டு,” என்றார். “நிறுத்தினா முழிச்சிருவியேன்னு அப்படியே அவுட்டர் ரிங் ரோட்டுல விட்டுட்டேன்.”

முகத்தில் பட்ட வெளிச்சத்தை மறைக்க அவருடைய கைக்குட்டையை என் பக்கத்துக் கண்ணாடியில் சொருகியிருந்தார். அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“திருப்பட்டுமா?” என்றார்.

இன்னும் கொஞ்சம் போகலாம் என்றேன்.