சர்வர் அறைக்கு வெளியே

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று பொறுத்துப் படியுங்கள். இதை யாரிடமும் நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். காலையில் திறப்பதும் இரவில் பூட்டுவதும் நான்தான். இரும்புப் பெட்டியைத் திறக்கும்போதுகூட முதலாளி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. கடையில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கடைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பில் போடும் இடத்தில் ஒன்று, சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேசையில் ஒன்று. எல்லாவற்றையும் வயரால் இணைத்து, பின்னறையில் பெரிதாக ஒன்றை வைத்தார்கள். அதற்கு சர்வர் என்று பெயர். கடையின் மொத்தக் கணக்கும் அதில்தான் சேரும். அதை அமைக்க வந்தவன் ஒக்கூர்க்காரன், என்னைவிட இளையவன்.

வந்த அன்றே பின்னறைக்குப் புதுப் பூட்டு கேட்டான். சாவி முதலாளியிடம் மட்டும் இருக்க வேண்டுமாம். என் கொத்திலிருந்து பழைய சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு போட்டான். பில் போடுகிறவருக்கு பில் மட்டும் தெரியும், கிட்டங்கிக்காரருக்குச் சரக்கு மட்டும். ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

"ஒனக்கு எதுக்குப்பா அது? ஷட்டரத் தூக்கக் கம்ப்யூட்டரா வேணும்?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்களுக்கு டீக்கடைத் தேநீர். அவனுக்கு முதலாளி வீட்டு ஆச்சி போட்ட காபி, வீட்டு டம்ளரில் வரும். கொண்டுபோய்க் கொடுப்பது நான். பின்னறை ஏசி காற்றில் உட்கார்ந்து அவன் ஆற்றிக் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வயர் எங்காவது புகைந்து அவன் திட்டு வாங்க வேண்டும் என்று கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு நாள் முதலாளியும் அங்கே இருந்தபோது, அவன் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் முதலாளி வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், வெட்டியிருந்தது.

"ஐயா, கோவிச்சுக்காதீக. இதத்தான் ஒங்க பாஸ்வேர்டா வச்சிருக்கீகளா?"

"ஏன், எங்க விலாசம்தானப்பா?"

"அதான் வம்பே. ஒங்க வீட்டு விசேஷத்துல குடுத்த பாத்திரம் எத்தனை பேரு அடுப்படியில கெடக்கு? எவன் வேணாலும் அடிச்சுப் பாப்பான். மத்தவக பாஸ்வேர்டு அவுக வேலைய மட்டும்தான் தொறக்கும். ஒங்களுது எல்லாத்தையும் தொறந்துரும்."

எதிர்த்துப் பேசினால் எரிந்து விழுகிறவர், அன்று சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். என் தோளில் அந்தக் கை விழுந்ததே இல்லை. புதிதாக ஒன்று போட உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லுப்பா."

வெளியே வந்து சுவரோடு நின்றேன். சற்று நேரத்தில் அவனும் வந்து கதவைச் சாத்தினான். நானாக அவனிடம் பேசியது அன்றுதான்.

"நீங்க எதுக்கு வந்தீக?"

"நானும் தெரிஞ்சுக்கக் கூடாதுண்ணே. கம்ப்யூட்டர மாட்டிக் குடுக்குறதோட என் வேலை சரி."

கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. அவனை யாரும் போகச் சொல்லவில்லை. தானாக எழுந்து வந்தவன். அவன் உள்ளேயே இருந்திருந்தாலும் முதலாளி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகை மூன்று, திங்கட்கிழமை.