பத்து ரூபாய்க்குக் காத்திருந்த நாள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், புரட்டாசிச் சனி ஒன்றில் நடந்தது இது. இடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில் உள்ள ஒரு மூன்று ஏக்கர் வயல். எனக்கு இப்போது எழுபத்தொரு வயதும் நாலு மாதமும். ஆட்களின் பெயர் மறக்கிறது, கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் மணி தவறாமல் நினைவில் நிற்கிறது.

அப்போது நான் பனிச்சங்கேணிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் படித்து முடித்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் படிப்புக்கு ஆன செலவு ஐந்நூறு ரூபாய். அப்பா இல்லை. அம்மாவிடம் இருந்தது களுதாவளையில் ஒரு வீடும் வாவிக்கு அக்கரையில் அந்த மூன்று ஏக்கரும்தான். எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகிறவை. ஆகவே வயல் அம்மாவின் பெயரில் இருந்தாலும் அது என் தங்கையினுடையது. அவளுக்கு அப்போது பதினாறு வயது. அண்ணன் படிக்கட்டும் என்று அவளே சொன்னதாக அம்மா பின்னால் சொன்னார். நான் அவளிடம் நேரில் கேட்கவில்லை.

அந்த ஐந்நூறுக்காக வயலை ஒரு போடியாரிடம் ஒத்தி வைத்தோம். பெரிய நிலக்காரரைப் போடியார் என்போம். ஒத்திக்கு வட்டி இல்லை. காசு திரும்பும்வரை வயலில் விளைவதெல்லாம் காசு கொடுத்தவருக்கு. சிறுகச் சிறுகக் கட்டவும் முடியாது, முழுவதையும் ஒரே தடவையில் வைத்து மீட்க வேண்டும். இவ்வளவும் நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தில் இருந்தது. உறுதியில் எழுதாத வழக்கம் ஒன்றும் இருந்தது. அந்த வருட விதைப்புக்காக வயலில் ஏர் விழுந்துவிட்டால், அறுவடை முடியும்வரை மீட்பு கிடையாது. உழுதவனுக்கே விளைச்சல்.

என் சம்பளம் நாற்பத்திரண்டு ரூபாய். சாப்பாட்டுக்கும் அறைக்கும் இருபது, அம்மாவுக்கு எட்டு, மீதி பதினாலு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள். பதினாலை முப்பத்தாறு மாதத்தால் பெருக்கினால் ஐந்நூற்று நாலு. மிஞ்சும் நாலு ரூபாய் பயணச் செலவுக்கு. மூன்று வருடம் தேநீர்க் கடைப் பக்கம் போகவில்லை. குடை வாங்கவில்லை. மழை நாளில் மாணவர்களுக்கு முன்னால் நனைந்த வேட்டியோடு நின்று பாடம் சொன்னேன். சக ஆசிரியர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இதற்கிடையில் தங்கைக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை பக்கத்து ஊரில் வயல் செய்யும் கமக்காரர். அம்மாதான் பேசி முடித்தார், நான் மாப்பிள்ளையைக் கண்டதேயில்லை. அவருடைய தாய் ஒரு நிபந்தனை வைத்தார். வயல் கையில் வந்த பிறகுதான் கலியாணம். இரண்டு வருடம் பொறுத்தார்கள். மூன்றாம் வருடம், இந்த விதைப்புக்கும் வயல் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கைக்கு இருபத்தொரு வயது முடிந்திருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். "அவன் வயலைப் பார்த்துத்தான் வருகிறான். வயலுக்கே தாலி கட்டச் சொல்லுங்கள்" என்று அதில் ஒரு வரி. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, தங்கைதான் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

முப்பத்தாறாவது சம்பளம் ஒக்டோபர் முதல் வாரத்தில் வரும். எங்கள் வயல்வெளியில் ஐப்பசி பிறந்த பிறகுதான் ஏர் பூட்டுவார்கள். எனக்குப் பத்து நாள் மிச்சம் இருப்பதாகக் கணக்கு. அந்த வருடம் மழை முந்திவிட்டது. புதன்கிழமை தங்கையின் தபால் அட்டை வந்தது. "வெள்ளிக்கிழமை ஏர் பூட்டுகிறார்கள். அதற்கு முன் வாருங்கள் அண்ணன்." இரண்டே வரி.

தகரத்தைத் திறந்து எண்ணினேன். நானூற்றுத் தொண்ணூறு. பள்ளிக்கூட முகாமையாளர் சம்பளக் காசை எடுத்துவர நகருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பத்து ரூபாய் குறைகிறது.

நான் உடனே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. குறைந்த காசோடு போய் ஒருவர் முன்னால் நிற்பது எனக்கு ஆகாத காரியம். மூன்று வருடமாக ஒருவரிடமும் ஒரு சதம் கேட்காதவன், ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்காதவன். யாரிடம் போய்ப் பத்து ரூபாய் கேட்பது? புதன் போனது, வியாழன் போனது. வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டை நானே பிழையாகச் சொன்னேன். வெள்ளி பின்னேரம் நாலரைக்கு முகாமையாளர் வந்தார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். அந்த நேரத்தில் அக்கரையில் ஏர் பூட்டி ஒரு பகல் கழிந்திருந்தது.

சனிக்கிழமை விடியும்போதே ஒரு கருவாட்டு லொறி நகருக்குப் புறப்பட்டது. சாக்குகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். காசு ஒரு துணிப்பட்டியில் என் இடுப்பில் இருந்தது. வழியில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை அவிழ்த்து எண்ணினேன். நகரத்தில் களுதாவளைக்குப் போகும் பஸ் நின்றது, ஆனால் அசையவில்லை. பதினாறு பேர் இருந்தோம். நான் மூன்று தடவை இறங்கி ஏறினேன்.

"எப்ப எடுப்பீங்க?"

"இன்னும் ரெண்டு பேர் வந்தா வெளிக்கிடுவம் மாஸ்டர்," என்றார் கொண்டக்டர். "நீங்க கருவாட்டு மணத்தோட வாசலில நிண்டா சனம் எப்படி ஏறும்? உள்ளுக்குப் போய் இருங்க."

கல்லடிப் பாலத்தைக் கடந்தபோது ஒன்பதேகால். களுதாவளையில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை, நேரமும் இல்லை. நேரே துறைக்குப் போய்த் தோணி பிடித்தேன். வாவி தட்டைத் தண்ணீராகக் கிடந்தது. தோணிக்காரர் கம்பை ஊன்றித் தள்ளுவதை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். இருநூற்றுப் பத்துவரை எண்ணியபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், தோணிக்குள்ள நடக்கிறீங்க? நீங்க நடந்து தோணி கெதியாப் போகாது. இருங்க, கவிழப் போகுது."

அக்கரையில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். தூரத்திலேயே தெரிந்தது. வயல்வெளி முழுவதும் ஏர்கள். எங்கள் வயலின் வரம்பருகே ஒரு சோடி எருமை, பின்னால் ஒருவர். ஏர் உள்ளே இறங்கியிருந்தால் இன்னும் ஒரு வருடம். அந்தச் சம்பந்தம் போய்விடும். இருபத்திரண்டு வயதில் சீதனம் கையில் இல்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? என் படிப்புக்காக அவள் கொடுத்த வயல்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டே போனேன்.

ஏர் பிடித்தவர் நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். தொடைவரை சேறு, தலையில் துண்டு.

"டேய், ஒரு நாள் கூலிக்காக ஒரு குமர்ப்பிள்ளைட வாழ்க்கையிலயா ஏர் ஓட்டுறாய்? அந்த வரம்பைத் தாண்டிப் பார், நடக்கிறது வேற!" ஊரில் படித்தவன் என்று பெயர் எடுத்த நான் இன்னும் மோசமாகவும் இரண்டு சொல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "எரும களைச்சுப் போய் நிக்குது. நீங்க ஏன் மாஸ்டர் இப்பிடிக் களைக்கிறீங்க?" என்றார்.

நான் பட்டியிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை உருவி நீட்டினேன். "இந்தா. நான் போடியாரைக் கண்டிட்டு வாறமட்டும் அசையாத."

"ஒரு ரூபாவா? பெரிய காசுதான். வெச்சிருங்க. போடியார் வாடியில வெத்தில போட்டுக்கிட்டு இரிக்கார். கெதியாப் போங்க. நான் இங்கால இன்னொரு சுத்துச் சுத்துறன்."

வாடி என்பது வயலோரக் குடிசை. போடியார் அங்கே பாயில் இருந்தார். "இப்பதான் விடிஞ்சதா வாத்தியாருக்கு?" என்றார். "நேத்தெல்லோ ஏர் பூட்டின நாங்க."

"காசு கொண்டு வந்திரிக்கன் போடியார். ஐந்நூறு."

அவர் எழுந்து வெளியே வந்து, வரம்பில் நின்றவரை நோக்கிக் கத்தினார். "மனே, வாத்தியார்ர வயலுக்க ஏர் விழுந்திச்சா?"

"இல்ல போடியார்! வரம்புக்கு இங்காலதான் நிக்கிறன்!"

"நேத்துப் பின்னேரமே அதுக்க இறங்கச் சொன்னனே?"

"எரும நொண்டிச்சு போடியார்!"

"ஒண்டா, ரெண்டுமா?"

"ரெண்டும்!"

போடியார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு எருமையும் ஒரே நாளில நொண்டிச்சாம். அது ஏன் நொண்டிச்செண்டு எனக்கும் தெரியும். சரி, எடு காச."

பட்டியை அவிழ்த்து நீட்டினேன். அவரே வாங்கி எண்ணினார். சரியாக இருந்தது. திங்கட்கிழமை நொத்தாரிசிடம் வந்து உறுதியைத் தருவதாகச் சொன்னார். பிறகு, "நேத்து ஏன் வரல்ல?" என்று கேட்டார். பத்து ரூபாய் குறைந்ததைச் சொன்னேன்.

அவர் காசை மடியில் செருகினார். "நானூத்தித் தொண்ணூறோட வந்திருந்தா நான் உன்ன விரட்டியா இருப்பன்? உன்ர அப்பனும் நானும் இந்த வெளியில பக்கத்துப் பக்கத்து வயல் செஞ்சவங்க. படிச்ச புள்ள நீ, ஒரு வார்த்த வந்து கேட்டுப் பாத்திருக்கலாமே."

வரம்புக்குத் திரும்பி வந்தேன். எருமைகள் அதே இடத்தில் நின்றன. இரண்டும் நாலு காலிலும் நன்றாகவே நின்றன. அந்த ஒரு ரூபாயை மறுபடி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எந்த வயலுக்கு மாஸ்டர் தாலி கட்டோணும்? இதுக்குத்தானே?" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் நான் நின்ற இடம் சேறாக இருந்தும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கை அந்தக் கடுதாசியை வாசித்தபோது மாப்பிள்ளையான அவர் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நெல்லு மூட்டை இறக்கிக்கொண்டு இருந்தாராம். ஏர் பூட்டும் நாள் முந்திவிட்டது என்று தெரிந்ததும், தன் எருமைகளோடு போய்ப் போடியாரிடம் தானே கூலிக்குச் சேர்ந்திருக்கிறார். எங்கள் வயலின் பக்கத்தை நான் உழுகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை முழுவதும் போடியாரின் மற்ற வயல்களில் சுற்றியிருக்கிறார்.

"நேத்து அண்ணன் வருவார் எண்டு உங்கட தங்கச்சி சொன்னா. வரல்ல. இண்டைக்கும் பாத்தன். நாளைக்கும் எரும நொண்டினா போடியார் வேற ஆளப் புடிச்சிரிப்பார்."

"நான் வந்திருக்காட்டி?"

"வயல் அடுத்த வருசம் வந்திரிக்கும். கலியாணம் இந்த வருசமே நடந்திரிக்கும். எங்கட அம்மாவோட சண்ட புடிக்கிறதுதான் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு எருமைகளைத் தட்டினார். அந்தப் போகத்தில் எங்கள் வயலில் முதல் ஏரை அவர்தான் இறக்கினார். நான் வரம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவடை முடிந்து வைகாசியில் கலியாணம் நடந்தது. முப்பத்தொன்பது வருடம் அவரும் தங்கையும் அந்த வயலைச் செய்தார்கள். அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்தக் கடுதாசிக்காக நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நல்ல நாளில், தனியாக இருக்கும்போது, சரியான வார்த்தை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கடைசிவரை என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. அது மரியாதையா, அந்த வரியால் வந்த மனத்தாங்கலா என்று எனக்குள் ஓயாத கேள்வி.

போன மாதம் தங்கையிடம் கேட்டேவிட்டேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க அவர ஒருநாளாவது மச்சான் எண்டு கூப்பிட்டீங்களா அண்ணன்?" என்றாள்.

கூப்பிடவில்லை. அதற்கும் நான் காத்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் ஒரு இடத்தில் அமைதியாக உட்கார முடியவில்லை.