கோவில்பதாகைக்குப் போன இன்னொரு மேஜை

என் பழைய தையல் மாணவி கலா தொலைபேசியில் கூப்பிட்டபோது அம்பத்தூர் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "டீச்சர், நம்ம தனபால் அண்ணன் தவறிட்டாரு. காலைல மார் வலிக்குதுன்னாராம். ஆட்டோ வர்றதுக்குள்ள..." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் புரியவில்லை.

ஆவடிச் சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓட்டுக் கொட்டகை உங்களில் பலருக்குத் தெரியும். முன்பாதியில் நான் தையல் வகுப்பு நடத்தினேன். பின்பாதியில் தனபால் அண்ணன் தையல் மிஷின் பழுது பார்த்தார். என் கணவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில், அண்ணன் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. மிஷின் ஒன்றைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, மறுநாள் சைக்கிளில் அந்த வீட்டுக்கே போய், ஊசி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். "ஒருவாட்டி பாத்தா மன்சுல நிக்காது டீச்சர். ரெண்டாந்தபா பாத்தாதான் பாத்தா மாதிரி கீது" என்பார். அவருடைய இந்தக் கவலையை நாங்கள் கேலி செய்ததுண்டு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், காயலான் கடையிலிருந்து ஒரு மிலிட்டரி மேஜையை வாங்கி வந்தார். மூடினால் பெட்டி, இரண்டு பக்கமும் தூக்குவதற்கு இரும்புப் பிடி. முன்பலகையை இறக்கினால் அதுவே எழுதும் மேஜை. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இன்னொரு பெயிண்ட், அதற்கும் அடியில் வெள்ளையாக ஏதோ எண். "பாபின் ஒண்ணுத்துல, ஊசி ஒண்ணுத்துல, ஸ்குரூ ஒண்ணுத்துல. இனிமே தரையில குந்திகினு தேட வேணாம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பெண்கள் ஒன்பது பேரும் தையலை விட்டுவிட்டு ஆளுக்கொரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பெயிண்டைத் தேய்க்க உட்கார்ந்தார்கள். வகுப்பே கல்யாண வீடு போல ஆகிவிட்டது.

கீழ் இழுப்பறை ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டது. நான்தான் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செம்புக் குழல். ஒரு முனையில் இரண்டு ஒயர். ரேடியோ சாமான் என்று நினைத்துக் கத்தரிக்கோல் நுனியால் அதிலிருந்த அழுக்கைச் சுரண்டினேன்.

"டீச்சர்." அண்ணனின் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. "சுரண்டாதீங்க. கீய போட்றாதீங்க. அப்டியே அந்தத் துணி மேல வெச்சுட்டு எய்ந்து வாங்க."

வைத்தேன். எழுந்து வெளியே வந்தேன். அவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்குக் கல் குவாரியில் மூன்று விரல்கள் போனது, பாறைக்கு வெடி வைக்கும் இப்படியொரு குழலால்தான் என்று வெளியே வந்த பிறகு சொன்னார்.

பெண்களைச் சந்தைப் பக்கம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சந்தையில் இருந்த கலாவின் அப்பா போலீசுக்குச் சொல்ல ஓடினார். அவர்கள் வரும்வரை அண்ணன் தெருவில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார். பிற்பகலில் மணல் வாளியோடு வந்தவர்கள் அதை எடுத்துப் போனார்கள். அது இன்னும் வெடிக்கக்கூடியதா, செத்துப்போனதா என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

போலீசார் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எங்கள் எதிரிலேயே விசாரித்தார்கள். அவர் பயத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். "ஒரே மாதிரி ரெண்டு மேஜை வந்துது சார். ஒண்ணு இவரு எத்துகினு போனாரு. இன்னொண்ண போன மாசமே கண்ணாடி போட்ட ஒருத்தரு மீன்பாடி வண்டியில ஏத்திகினு சேக்காடு பக்கம் போனாரு."

அதையும் எழுதிக்கொண்டார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அண்ணனுக்குப் போதவில்லை. மறுநாள் நான் போனபோது மிஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, திருப்புளியைக் கையில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அந்த மேஜையிலயும் ஒரு டிராயரு சிக்கும் இல்ல டீச்சர்? சிக்கினா மனுசன் இன்னா பண்ணுவான்? சுத்தியால தட்டுவான்."

"அண்ணே, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டோம். இனி அவங்க பார்த்துப்பாங்க" என்றேன். எனக்கு இந்த விஷயத்திலிருந்து விலகினால் போதும் என்றிருந்தது. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு வெடி விவகாரத்தில் மாட்டினால் என் கணவரின் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு நாள் சேக்காட்டில் தெருத்தெருவாக அலைந்தார். மூன்றாம் நாள் அந்த மீன்பாடி வண்டிக்காரரைப் பிடித்துவிட்டார். மேஜையை வாங்கியவர் ஒரு டியூஷன் வாத்தியார். போன வாரம்தான் கோவில்பதாகைக்கு வீடு மாறிப் போயிருக்கிறார். இதைச் சொல்ல வந்த அண்ணனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "டியூஷனு டீச்சர். புள்ளைங்க" என்றார். கொட்டகையைக் கலாவின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் உடன் போனேன்.

வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். உள்ளே அதே பச்சை மேஜை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஒவ்வொரு வரிக்கும் மேஜையை முஷ்டியால் குத்தித் தாளம் போட்டான். அண்ணன் கத்திவிடுவாரோ என்று பயந்தேன். கத்தவில்லை.

"சார், புள்ளைங்கள கொஞ்சம் தெருக்கோடிக்கு அனுப்பி வைங்க. அப்பால எல்லாம் சொல்றேன்."

"யாருய்யா நீ? பாடம் நடக்கிறது தெரியலையா?" என்றார் வாத்தியார்.

நான் இடையில் புகுந்து, தையல் டீச்சர் என்று சொல்லி, அவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். அவர்களுக்கு விடுமுறை கிடைத்த கொண்டாட்டம். அண்ணன் டார்ச்சோடு தனியாக உள்ளே போனார். மேஜையின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது.

வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒண்ணியும் இல்ல. ஒரு பென்சிலு கெடந்துது" என்றார்.

பயம் தெளிந்ததும் வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "இதுக்காகவா பிள்ளைகளை வெயில்ல நிறுத்தி வச்சீங்க?"

"ஆமா சார். ஒண்ணியும் இல்லன்னு யாராச்சும் பாத்துச் சொல்லணும் இல்ல?"

வாத்தியாரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதித் தண்ணீர் வேட்டியில் கொட்டியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மேஜையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். "நாம போட்டா இன்னொரு ஊட்டுக்குத்தானே போவும்?" என்று கேட்டு, அதன் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிப் பார்த்து, பலகைகளை மறுபடி சேர்த்து, வார்னிஷ் பூசினார். குழல் கிடைத்த கதை கேட்டு வீட்டார் வகுப்பை விட்டு நிறுத்திவிட்ட பெண்களில் நான்கு பேர் பிறகு திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவர்களுடைய வீட்டாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துக்க வீட்டில் ஒருவர், தனபாலுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பேசினார். அன்பினால்தான் சொன்னார். அங்கே நான் மறுக்கவில்லை, இங்கே உங்களிடம் மறுக்கிறேன். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான். அன்று கோவில்பதாகையில், அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருடம் டீச்சர், டீச்சர் என்றே அழைத்தவர், அன்று ஒரே ஒரு முறை என் பெயரைச் சொன்னார். "சரோஜா, நீயும் புள்ளைங்களோட போய் நில்லும்மா." குரல் நடுங்கியது. என்னிடம் இருக்கப் போவது அந்தக் குரல்தான்.